தமிழ்த் தரவோடையில் சொல் எண்ணுதல்: விக்கிப்பீடியா மாற்றங்களுக்கான செயலாக்கப் பணியை அமைத்தலும் பிழை களைதலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் நிகழ்ந்த சில நொடிகளில் தரவோடையாக வெளியிடப்படுகிறது. அவ்வோடையிலிருந்து புதிதாக எழுதப்படும் சொற்களை நாள்தோறும் எண்ணித் தொகுக்கும் கணினிப் பணியை அமைக்கும் முறையையும், அதில் நேரும் பிழைகளை இனங்காணும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. இத்தகைய பணியில் நேரும் கடும் பிழைகள் பணியை நிறுத்துவதில்லை. பணி தொடர்ந்து ஓட, எண்ணிக்கை மட்டும் பிறழ்கிறது. எழுத்தின் எல்லை, சொல்லின் எல்லை, நாளின் எல்லை ஆகிய மூன்றையும் முன்னரே வரையறுத்துக்கொள்வதே இப்பிறழ்ச்சிக்குத் தீர்வு என்பதும், அவ்வரையறையில் தமிழிலக்கண அறிவு இன்றியமையாதது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

குறிச்சொற்கள்: தரவோடை, விக்கிப்பீடியா, யூனிகோடு, சொல்லடைவு, மொழியிறுதி, ஒற்று மிகுதல், காலச் சாளரம்.

முன்னுரை

தமிழில் சொல்லடைவு தொகுக்கும் மரபு முடிந்த நூலை அடிப்படையாகக் கொண்டது. நூலின் முதலும் முடிவும் தொகுப்பவருக்கு முன்பே தெரியும். ஒரு சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்னும் வினாவிற்கு ஒரே விடைதான் உண்டு. எத்தனை முறை எண்ணினாலும் அவ்விடை மாறுவதில்லை. இணையத்தில் எழுதப்படும் இக்காலத் தமிழ் அவ்வாறு முடிந்து நிற்பதன்று. அது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எழுதியது திருத்தப்படுகிறது, நீக்கப்படுகிறது, மீண்டும் சேர்க்கப்படுகிறது. இத்தகைய பனுவலில் ஒரு புதுச்சொல் எந்நாளில் முதன்முதலாக வழங்கியது, எவ்வாறு பரவியது என்பதை அறிய விரும்பும் அகராதியியல் ஆய்வாளர், ஓடிக்கொண்டிருக்கும் தரவை ஓடும்போதே எண்ணவேண்டியவராகிறார்.

இவ்வகை எண்ணிக்கைக்குரிய கருவிகள் இன்று திறமூலமாகக் கிடைக்கின்றன. எனினும் அவை ஆங்கிலம் போன்ற மொழிகளின் எழுத்தமைப்பையும், நிகழ்வுகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும் பெருந்தளங்களின் இயல்பையும் மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டவை. தமிழுக்கு அவற்றை அப்படியே பயன்படுத்தும்போது எவ்வெவ்விடங்களில் பிழை நேரும் என்பதைத் தமிழாய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவிடத்து, கணினி தந்த எண்ணிக்கையே சான்றாகி, அச்சான்றின்மீது ஆய்வு முடிபுகள் எழுந்துவிடும்.

தரவோடையின் இயல்பு

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இன்று ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. அதனை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, தன் அனைத்துத் தளங்களின் அண்மைய மாற்றங்களையும் பொதுத் தரவோடையாக வழங்குகிறது. அவ்வோடையின் பின்னணியில் இருப்பது அப்பாச்சி காஃப்கா என்னும் மென்பொருள். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இம்மென்பொருளுக்கு எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வரும் நிகழ்வுகளை வந்த வரிசையிலேயே பதிவேட்டில் எழுதுவதும், படிப்பவர் தாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படிக்க இடந்தருவதும் இதன் பணிகள்.

ஓடையில் வரும் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு மாற்றத்தைப் பற்றிய குறிப்பு ஆகும். எத்தளம், எப்பக்கம், எப்பெயர்வெளி, எந்நேரம், தொகுத்தவர் தானியங்கியா அன்றா, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பக்கத்தின் அளவு யாது, தொகுப்புச் சுருக்கம் யாது என்பன அதில் இடம்பெறும். பக்கத்தின் உரை அதில் இராது. உரை வேண்டுமாயின், நிகழ்விலுள்ள திருத்த எண்ணைக்கொண்டு விக்கியின் ஏபிஐ வழியாகத் தனியே கேட்டுப் பெறவேண்டும்.

ஓடையில் எல்லா மொழித் தளங்களின் மாற்றங்களும் கலந்தே வருகின்றன. தமிழை மட்டும் அனுப்புமாறு வழங்கியிடம் கேட்க இயலாது. பெறுபவரே பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும். இப்பிரிப்பிலேயே முதற்பிழை நேரலாம். தமிழ்த் தளங்கள் அனைத்தின் பெயர்க்குறிகளும் டி, ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குவதால், அவ்விரண்டையும் மட்டும் சோதித்தால் போதும் எனத் தோன்றும். ஆனால் தைவான் பழங்குடி மொழியாகிய அட்டயல் மொழி விக்கிப்பீடியாவின் குறியும் அவ்விரு எழுத்துகளிலேயே தொடங்குகிறது. அதுவன்றித் தமிழ் விக்சனரி, தமிழ் விக்கிமூலம் ஆகியவையும் அதில் அடங்கிவிடும். விக்கிமூலத்தில் பழைய நூல்கள் ஏற்றப்படுவதால், அதனைச் சேர்த்து எண்ணினால் நூறாண்டுக்கு முந்தைய சொற்களும் ‘இன்று எழுதப்பட்டவை’ ஆகிவிடும். ஆதலின் தளத்தின் முழுக்குறியையும் ஒப்பிட்டே பிரித்தல் வேண்டும்.

பணியின் அமைப்பு

இச்செயலாக்கப் பணியை ஆறு படிகளாக அமைக்கலாம். முதற்படி ஓடையைப் படித்தல். இரண்டாவது, தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைப் பெயர்வெளியில் மனிதர் செய்த தொகுப்புகளை மட்டும் பிரித்தல். மூன்றாவது, மாற்றத்திற்கு முந்தைய உரையையும் பிந்தைய உரையையும் ஏபிஐ வழியாகப் பெறுதல். நான்காவது, உரைகளைச் சொற்களாகப் பகுத்தல். ஐந்தாவது, நாள்வாரியாக எண்ணுதல். ஆறாவது, எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் எழுதுதல்.

இப்படிகளை இணைத்து இயக்க அப்பாச்சி ஃபிளிங்க் போன்ற கட்டமைப்புகள் உதவுகின்றன. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுத் திட்டத்திலிருந்து தோன்றிய ஃபிளிங்க், 2014இன் இறுதியில் அப்பாச்சி அறக்கட்டளையின் முதன்மைத் திட்டங்களுள் ஒன்றானது. படிகளுக்கிடையே தரவைக் கடத்துதல், நிலையைக் காத்தல், காலத்தைக் கணித்தல் ஆகியவற்றைக் கட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். ஓடையைப் படிக்கும் முதற்படியையும் தமிழைப் பகுக்கும் நான்காம் படியையும் ஆய்வாளரே எழுதவேண்டும்.

இவற்றுள் மூன்றாம் படியே மிக மெதுவானது. ஒவ்வொரு தொகுப்பிற்கும் தொலைவிலுள்ள வழங்கியிடம் கேட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது. பிரிக்கும் படியை இதற்குப் பின் வைத்தால், உலக மொழிகள் அனைத்தின் தொகுப்புகளுக்கும் உரை கேட்க நேரும். அப்போது மூன்றாம் படி திணறும். அதன் முன்னுள்ள படிகள் தரவை இறக்கிவைக்க இடமின்றி நிற்கும். இதனைப் பின்னழுத்தம் என்பர். ஃபிளிங்கின் கண்காணிப்புப் பக்கத்தில் எப்படி முழுநேரமும் உழைத்துக்கொண்டிருக்கிறது, எப்படிகள் காத்து நிற்கின்றன என்பது தெரியும். காத்து நிற்கும் படிகளுக்கு அடுத்து, ஓயாது உழைக்கும் முதற்படியே தடையின் இடமாகும். பிரித்தலை முன்னே வைத்து, ஏபிஐ கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பாமல் வரம்பிற்குட்பட்டுச் சிலவற்றை ஒருங்கே அனுப்பினால் இத்தடை நீங்கும்.

பின்னழுத்தம் வெளிப்படையான கோளாறு. பணி மெதுவாவதைக் காணும் எவரும் அதனை உணர்வர். இனிக் காணப்படுபவை வெளித்தெரியாதவை.

எழுத்தின் எல்லை

யூனிகோடு 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. அம்முறையில் உயிர்மெய்கள் தனித்தனிக் குறியெண் பெறவில்லை. அகரமேறிய மெய்யும், உயிர்க்குறியும், புள்ளியும் தனித்தனிக் குறியெண்களாக அமைந்தன. ‘தமிழ்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்துகள் மூன்று. யூனிகோடு குறியெண்கள் ஐந்து. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளை ஏற்பதால் பைட்டுகள் பதினைந்து. ஒரே சொல்லுக்கு மூன்று அளவுகள் உள்ளன என்பதே இப்பகுதியில் நேரும் பிழைகள் அனைத்திற்கும் தோற்றுவாய்.

விக்கி நிகழ்வில் வரும் பக்க அளவு பைட்டுக் கணக்கில் தரப்படுகிறது. ஒரு தொகுப்பு 300 பைட்டு சேர்த்தது எனில், அது தமிழில் அதிகபட்சம் 100 குறியெண்கள். எழுத்துகள் அதனினும் குறைவு. அதே அளவு ஆங்கிலத்தில் ஏறத்தாழ 300 எழுத்துகளாகும். இருமொழி விக்கிப்பீடியாக்களின் வளர்ச்சியைப் பைட்டுகளால் ஒப்பிடும் எவ்வாய்வும் தமிழை மூன்று மடங்கு மிகைப்படுத்திக் காட்டும்.

ஓடையைப் படிக்கும்போது தரவு வலைப்பின்னல் வழியாகத் துண்டு துண்டாக வருகிறது. துண்டுகள் எங்கு முறியும் என்பதற்கு விதியில்லை. ‘ழ’ என்னும் எழுத்தின் முதலிரண்டு பைட்டுகள் ஒரு துண்டிலும் மூன்றாவது அடுத்த துண்டிலும் வரலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றும் நிரல், அவ்விடத்தில் கேள்விக்குறி பொதிந்த சாய்சதுரக் குறியை இட்டுவிட்டு மேலே செல்லும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஆங்கில எழுத்திற்கு ஒரு பைட்டே ஆதலின், ஆங்கிலத் தரவில் சோதித்தவருக்கு இப்பிழை ஒருபோதும் வெளிப்படாது. இதற்குத் தீர்வு எளிது. யூடிஎஃப்-8 முறையில் வரிமுறிப்பிற்குரிய பைட்டு வேறெந்த எழுத்தின் உள்ளும் வருவதில்லை. எனவே பைட்டுகளை முதலில் வரிகளாகப் பிரித்து, முழு வரி கிடைத்த பின்னரே எழுத்தாக மாற்றுதல் வேண்டும்.

அடுத்தது ஒரே எழுத்தைப் பல வகையாகக் குறிக்க இயலுதல். ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு குறியெண்களாகவும், ககரமும் எகரக்குறியும் கால்குறியும் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு சொற்கள். யூனிகோடு வகுத்த இயல்பாக்க முறை இவற்றை ஒன்றாக்கிவிடும். விக்கி மென்பொருள் தன்னிடம் வரும் உரையை அவ்வாறு இயல்பாக்கியே சேமிப்பதால் அங்கு இச்சிக்கல் எழுவதில்லை. அதே பணியைச் செய்தித்தாள்கள், வலைப்பூக்கள் முதலிய பிற மூலங்களுக்கும் விரிக்கும்போது இது உடனே எழும். இயல்பாக்கத்தையும் முழு உரைக்கே செய்தல் வேண்டும். ‘கெ’ என முடியும் துண்டும் கால்குறியில் தொடங்கும் துண்டும் தனித்தனியே இயல்பானவையாயினும் இணைந்தபின் அவ்வாறு இரா.

இயல்பாக்கமும் தீர்க்காதவை சில உள. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வோர் பலர். ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தோடும், 2005இல் யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடும் எழுதலாம். இவற்றை யூனிகோடு வேறு வேறாகவே கொள்ளும். ஒகரத்தையடுத்த ளகரத்தை எல்லா இடத்தும் ஔகாரமாக மாற்றினால் ‘ஒளி’ என்னும் சொல் சிதைந்துவிடும். ளகரத்தின்மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதவிடத்து மட்டுமே மாற்றி, மாற்றிய சொற்களின் பட்டியலைக் கண்ணால் சரிபார்த்தல் தகும்.

சொல்லின் எல்லை

சொற்பகுப்பிற்கு நிரலாளர் பெரிதும் பயன்படுத்துவது வடிவத்தேடல் கோவை. பைத்தான் மொழியோடு வரும் வடிவத்தேடல் தொகுப்பில் ‘சொல்லுக்குரிய குறி’ என்னும் வகைக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்குவதில்லை. அக்குறிகள் வரும் இடமெல்லாம் சொல் முடிந்ததாக அது கொள்ளும். ஆகவே ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என இரண்டாக உடையும். ‘தமிழை’ என்பதும் அவ்வாறே உடையும். ‘கொடு’, ‘கெடு’, ‘கூடு’, ‘கேடு’ ஆகிய நான்கும் ‘க’, ‘ட’ என்னும் ஒரே இணையாகிவிடும். கொடுத்தலும் கெடுத்தலும் ஒன்றான பின்பும் பணி இடையறாது ஓடும். அட்டவணையும் அழகாக நிரம்பும். குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும் வேறு தேடல் தொகுப்பைப் பயன்படுத்துவதோ, தமிழ்க் குறியெண் வரம்பை நேரே குறிப்பிடுவதோ இதற்குத் தீர்வாகும்.

இயந்திரத்தால் வந்த இப்பிழை நீங்கிய பின்னும் மொழியால் வரும் சிக்கல் எஞ்சும். ‘தமிழை’ என்னும் சொல் தனித்தும், தமிழைக் கற்றான், தமிழைச் சொன்னான், தமிழைத் தந்தான், தமிழைப் படித்தான் என ஒற்று மிக்கும் வருவதால் ஒரு சொல் ஐந்து சொற்களாக எண்ணப்படும். தொல்காப்பியமும் நன்னூலும் வல்லின மெய்கள் மொழியிறுதியில் வாரா என்று வரையறுக்கின்றன. ஆகவே சொல்லிறுதியில் நிற்கும் க், ச், த், ப் என்பவை அடுத்த சொல்லால் மிக்கவை எனக் கொண்டு நீக்கிவிடலாம் என்பது தக்க தொடக்கம்.

ஆனால் இக்காலத் தமிழில் அவ்விதி பிறமொழிச் சொற்களைத் தழுவாது. பேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் முதலியவை வல்லினத்தில் முடிகின்றன. ‘யூடியூப் பக்கம்’ என்னும் தொடரில் பகரவொற்று சொல்லுக்குரியதா, சந்தியால் மிக்கதா என்பதை அத்தொடரை மட்டும் கொண்டு கணினி அறிய இயலாது. புதுச்சொற்களைத் தேடும் ஆய்வில் இவையே முதன்மையான தரவு. நீக்கும் விதியோ இவற்றையே சிதைக்கிறது.

இங்கு ஓடையின் இயல்பே வழிகாட்டுகிறது. சந்தியால் மிகும் ஒற்று அடுத்த சொல்லின் முதலெழுத்துக்கு இனமாகவே இருக்கும். சொல்லுக்கே உரிய ஒற்று ‘யூடியூப் காணொளி’, ‘யூடியூப் வழியாக’ என வேறெழுத்துகளின் முன்னும் நிற்கும். ஆகவே ஒவ்வொரு சொல்வடிவத்திற்கும் அதனையடுத்து வரும் முதலெழுத்துகளைப் பணி தன் நினைவில் சேர்த்துவர வேண்டும். இறுதி ஒற்று எப்போதும் தன் இனவெழுத்தின் முன்னரே வருமாயின் அதனை நீக்கலாம். பிறவெழுத்துகளின் முன்னும் பலமுறை வருமாயின் அது சொல்லின் உறுப்பு. இரண்டிற்கும் போதிய சான்றில்லாதவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல் தனிப்பட்டியலில் வைத்துப் பின்னர் ஆராய வேண்டும்.

இவ்வாறு அடுத்த சொல்லை நோக்கவேண்டியிருப்பதால், தொகுப்பில் சேர்ந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பகுத்தல் பொருந்தாது. வெட்டிய இடத்தில் அடுத்த சொல் காணாமற்போகும். முந்தைய முழு உரையையும் பிந்தைய முழு உரையையும் தனித்தனியே பகுத்து, பின்னதன் எண்ணிக்கையிலிருந்து முன்னதன் எண்ணிக்கையைக் கழித்தலே முறை. ஒரு பத்தி இடம் மாறினாலும் அதனால் புதுச்சொல் தோன்றாது என்பது இதனால் கிடைக்கும் மற்றொரு பயன். விஷமத்தொகுப்பால் அழிக்கப்பட்ட பக்கத்தை மீட்டமைக்கும்போது மட்டும் பக்கத்தின் சொற்கள் அனைத்தும் புதியனவாகத் தோன்றும். பக்கத்தின் இப்போதைய உரை அதன் முந்தைய திருத்தமொன்றின் உரையோடு முற்றும் ஒத்திருப்பின் அத்தொகுப்பை எண்ணாது விடுதல் வேண்டும்.

நாளின் எல்லை

ஒரு தொகுப்பு எந்நாளுக்குரியது என்னும் வினாவிற்கு இரண்டு விடைகள் உள்ளன. தொகுப்பு நிகழ்ந்த நேரம் ஒன்று. பணி அதனைக் கையாண்ட நேரம் மற்றொன்று. முன்னதை நிகழ்பொழுது எனவும் பின்னதைச் செயற்பொழுது எனவும் குறிக்கலாம். இரவு 11.58க்குச் செய்த தொகுப்பு 12.03க்குக் கையாளப்பட்டால் செயற்பொழுதின்படி அது மறுநாளுக்குரியதாகும். வலைத்தொடர்பு இரண்டு மணிநேரம் அறுந்து மீண்டால், அவ்விரு மணிநேரம் வெறுமையாகவும் மீண்ட நேரம் பெருக்கமாகவும் காட்சிதரும். அப்பெருக்கத்திற்கு ஆய்வாளர் சமூகக் காரணம் தேடத் தொடங்கினால் ஆய்வே திசைமாறும். ஆகவே நிகழ்பொழுதையே கொள்ளவேண்டும்.

நிகழ்வின் நேரம் உலகப் பொதுநேரத்தில் வருகிறது. அதன்படி நாளை வகுத்தால் இந்தியாவிலும் இலங்கையிலும் நாள் காலை 5.30க்குத் தொடங்கியதாகிவிடும். நாட்சாளரத்தை ஐந்தரை மணிநேரம் பெயர்த்து அமைத்தல் வேண்டும். மேலும் நிகழ்வில் நேரம் நொடிக்கணக்கில் தரப்படுகிறது. ஃபிளிங்க் எதிர்பார்ப்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பகுதியை. மாற்றாமல் கொடுத்தால் இன்றைய நிகழ்வுகள் அனைத்தும் 1970 சனவரியின் மூன்றாம் வாரத்தில் போய் விழும். ஓராண்டு நிகழ்வுகள் ஒன்பது மணிநேரத்திற்குள் அடங்கும். நாள்வாரி எண்ணிக்கை ஓரிரு நாள்களுக்கே வருமாயின் முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

தாமதமாக வரும் நிகழ்வுகளுக்கு இடமளிக்க வேண்டுமாதலின், நள்ளிரவு ஆனவுடன் நாட்சாளரத்தை மூடிவிட இயலாது. வாட்டர்மார்க் எனப்படும் காலவரம்புக் குறி இதற்கு உதவுகிறது. இதுவரை கண்ட நிகழ்வுகளுள் பிந்தியதன் நேரத்திலிருந்து, ஏற்கத்தக்க தாமதத்தைக் கழித்தால் கிடைப்பது அக்குறி. அது நாளின் முடிவைக் கடந்ததும் சாளரம் மூடப்பட்டு எண்ணிக்கை வெளியிடப்படும்.

இக்குறியை எப்படியில் கணிப்பது என்பது தமிழுக்கு இன்றியமையாத வினா. நிகழ்வுகளே காலத்தை முன்னகர்த்துகின்றன என்பதால், நிகழ்வு வாராவிடத்துக் காலம் நிற்கும். தமிழ்த் தொகுப்புகளைப் பிரித்த பின்னர்க் குறியைக் கணித்தால், பின்னிரவில் எவரும் தொகுக்காத நேரமெல்லாம் பணியின் கடிகாரம் நின்றிருக்கும். முந்தைய நாளின் சாளரம் விடியலில் முதல் தொகுப்பு வரும்வரை மூடாது. பணி பழுதுபட்டதாகக் கருதி அதனை மீண்டும் மீண்டும் தொடங்குவதால் பயனில்லை. பிரிப்பதற்கு முன், உலக மொழிகள் அனைத்தும் கலந்த முழு ஓடையிலேயே குறியைக் கணித்தால் காலம் தடையின்றி நகரும். பெருமொழி ஓடைகளில் இவ்வேறுபாடு தோன்றுவதே இல்லை. ஆதலின் பொதுவான கையேடுகளை மட்டும் பின்பற்றுவோர் இதனை எதிர்பாரார்.

ஓடை வெறுமையாக இருப்பதற்கும் அறுந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய, விக்கிமீடியா ஒரு மணிநேரத்திற்குள் பலமுறை செயற்கை நிகழ்வுகளை ஓடையில் விடுகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுக்காற்றை அறியக் கொண்டுசென்ற கேனரிப் பறவையின் பெயரே அவற்றிற்கும் வழங்குகிறது. ஓடை உயிரோடு இருப்பதை அவற்றால் அறியலாம். எண்ணிக்கையிலிருந்து அவற்றைத் தவறாது விலக்க வேண்டும்.

துண்டிப்பும் மீட்பும்

விக்கிமீடியா ஓடையின் தொடர்பு 15 நிமிடங்களுக்கு ஒருமுறை வழங்கியால் முடிக்கப்படுகிறது. இது கோளாறன்று, விதி. ஒவ்வொரு நிகழ்வோடும் பதிவேட்டில் அதன் இடத்தைக் காட்டும் அடையாளம் வருகிறது. மீண்டும் இணையும்போது கடைசியாகப் பெற்ற அடையாளத்தைச் சொன்னால் அங்கிருந்து ஓடை தொடரும். சொல்லாவிட்டால் அந்நொடியிலிருந்து தொடங்கும். அடையாளத்தைச் சொல்லாத நிரல், ஒவ்வொரு கால்மணி நேரத்திற்கும் சில நிகழ்வுகளை இழந்துகொண்டே இருக்கும்.

பணியே நின்று மீளும் நிலைக்குச் செக்பாயிண்ட் எனப்படும் நிலைப்பதிவு உண்டு. பணியின் எல்லாப் படிகளின் நிலையையும் ஒரே கணத்திற்குரியதாகப் பதிவுசெய்யும் இம்முறை, சாண்டியும் லாம்போர்ட்டும் 1985இல் வெளியிட்ட நெறியின் வழிவந்தது. ஓடையின் அடையாளமும் அதுவரையிலான எண்ணிக்கையும் ஒரே பதிவில் இருத்தல் இன்றியமையாதது. அடையாளத்தைத் தனிக்கோப்பில் எழுதிவைத்தால் இரண்டும் வெவ்வேறு கணத்திற்குரியவையாகி, மீளும்போது சில நிகழ்வுகள் இருமுறை எண்ணப்படும் அல்லது விடுபடும்.

நிலைப்பதிவு காப்பது பணியின் உள்நிலையை மட்டுமே. முன்னரே தரவுத்தளத்தில் எழுதியதை அது திரும்பப் பெறாது. எனவே ‘இருப்பதோடு ஐந்தைக் கூட்டுக’ என எழுதாமல், ‘இந்நாளில் இச்சொல்லின் எண்ணிக்கை பன்னிரண்டு’ என முழுமதிப்பை எழுதவேண்டும். பின்னது எத்தனை முறை எழுதப்பட்டாலும் விடை மாறாது.

பிழை காணும் முறை

மேற்கூறிய பிழைகள் அனைத்திற்கும் பொதுப்பண்பு, அவை பிழைச்செய்தி தாராமை. ஆகவே பிழை தோன்றிய பின் தேடுவதைவிடத் தேடும் வழியை முன்பே அமைத்துக்கொள்ளுதல் நன்று.

ஒவ்வொரு படியிலும் உள்வந்தவை, வெளிச்சென்றவை, விலக்கப்பட்டவை ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பதிதல் வேண்டும். உள்வந்தவற்றுக்கு ஏனைய இரண்டின் கூட்டுத்தொகை ஈடாகாத படியே பிழையின் இருப்பிடம். பகுக்க இயலாதவற்றை வீசிவிடாமல் தனிக்கோப்பில் சேர்த்தல் வேண்டும். சாய்சதுரக் குறி ஒருமுறை தோன்றினாலும் எச்சரிக்கை எழவேண்டும். ‘தமிழ்’, ‘கொடு’, ‘கெடு’, ‘ஔவை’, ‘ஒளி’, ‘தமிழைக் கற்றான்’, ‘யூடியூப் பக்கம்’ முதலியவற்றைக் கொண்ட சிறு சோதனைத் தொகுதியை, விடை இன்னதென முன்பே கையால் எழுதிவைத்து, நிரலில் மாற்றம் செய்யுந்தோறும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அத்தொகுதியைப் பைட்டு பைட்டாக உடைத்து ஊட்டினாலும் முழுதாக ஊட்டினாலும் ஒரே விடை வருதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது மூலத்தைக் காத்தல். விக்கிமீடியா ஓடை பழைய நிகழ்வுகளைக் குறிப்பிட்ட நாள்கள் வரையே வைத்திருக்கும். ஆகவே வந்த நிகழ்வையும் பெற்ற உரையையும் எத்திருத்தமும் செய்யாமல் முதலில் சேமித்து, அதன் பின்னரே இயல்பாக்கமும் பகுப்பும் நிகழவேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் தாம் திருத்திய பாடத்தோடு சுவடியிற் கண்ட பாடத்தையும் குறித்துவைப்பது பின்வருவோர் மீள ஆராய்வதற்காகவே. இங்கும் அவ்வாறே. விதியில் பிழை என ஆறு மாதங்களுக்குப் பின் தெரியவந்தாலும், மூலம் இருப்பின் திருத்திய நிரலைக்கொண்டு மீண்டும் எண்ணலாம். இல்லையேல் அந்த ஆறு மாதங்களின் தமிழை இன்னொருமுறை ஓடையாகப் பெற இயலாது.

முடிவுரை

ஓடும் தரவில் சொல் எண்ணுதல் கணினித்துறைக்கு மட்டும் உரிய பணி போலத் தோன்றினும், அதில் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை எழுத்து எது, சொல் எது, நாள் எது என்னும் வரையறைகளே. முதலிரண்டும் தமிழிலக்கணத்தின் அடிப்படை வினாக்கள். கட்டமைப்பை உருவாக்கியவர்கள் அவற்றிற்குத் தந்துள்ள இயல்புநிலை விடைகள் தமிழுக்குப் பொருந்துவதில்லை. மொழியிறுதி பற்றிய இலக்கண விதி சொற்பகுப்பிற்கு வழிகாட்டுவதும், பிறமொழிச் சொற்களின்முன் அவ்விதி தளர்வதும், அத்தளர்வைச் சூழலால் சரிசெய்ய இயலுவதும் இலக்கணம் கற்றவர் இப்பணியில் பங்கேற்பதன் தேவையைக் காட்டுகின்றன.

இத்தகைய பணிவழிப் பெற்ற எண்ணிக்கையை ஆய்வேடுகளில் சான்றாகக் காட்டுவோர், இயல்பாக்கம், பகுப்பு விதி, ஒற்று நீக்கும் நெறி, நாளின் எல்லை, விலக்கப்பட்டவற்றின் அளவு ஆகியவற்றையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும். அக்குறிப்புகள் இருந்தால்தான் மற்றோர் ஆய்வாளர் அவ்வெண்ணிக்கையைச் சரிபார்க்கவோ மறுக்கவோ இயலும்.